‘எறக்கு’ என்று சொல்லாத மனுஷன்

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடிக்கொண்டிருக்குமே, அந்த ரசமட்டம்தான். அது கையில் இல்லாமல் இவர் எங்கேயும் போகமாட்டார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, உட்காருங்க தம்பி என்று என் அப்பா சொல்லி முடிப்பதற்குள், சுவரில் கோணலாகத் தொங்கிய கடிகாரத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கு அப்போதே எரிச்சல். கட்டிக்கொண்ட பிறகு கட்டில், அடுப்பு மேடை, பீரோ என்று ஒன்றையும் விடவில்லை. தூங்குகிற என் நெற்றியில் வைத்துப் பார்க்காததுதான் பாக்கி.

வாயைப் பிடுங்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அதற்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு வீட்டில் இரண்டு ஊமைகள் இருந்தால் பட்டறைக்கு எவன் வருவான்?

எங்கள் பட்டறையில் பிக்கப் வண்டிகளை டிப்பராக மாற்றிக் கொடுப்போம். சரக்கு ஏற்றுகிற பின்தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, அதைச் சங்கிலியில் தூக்கித் தனியாக மரக்கட்டைகள் மேல் வைத்துவிடுவார். டீசல் ஊற்றுகிற வாய் இந்தப் பின்தொட்டியோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து வண்டிச் சட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் தூக்கலிலேயே குழாய் பிய்ந்துகொள்ளும். பிறகு வண்டிச் சட்டத்தின் மேல் இரும்புச் சேனலில் இன்னொரு சட்டம். பின்பக்கம் இரண்டு கீல். நடுவில் கத்தரிக்கோல் மாதிரி விரிகிற இரண்டு இரும்புக் கைகள், அவற்றைத் தள்ள ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி, ஜாக்கிக்கு எண்ணெய் தள்ள பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்ப். எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்தினால் தொட்டியின் முன்பக்கம் எழுந்து, உள்ளே இருக்கிற மண்ணோ ஜல்லியோ பின்னால் சரிந்து விழுந்துவிடும். ஆள் ஏறி மண்வெட்டியால் தள்ள வேண்டியதில்லை.

எனக்குக் கிரைண்டர் வேலை, பெயிண்ட் வேலை, அப்புறம் பொத்தான். ஒயரின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டு பொத்தான். பச்சையை அழுத்தினால் ஏறும். சிவப்பை அழுத்தினால் எண்ணெய் திரும்பி ஓடி, தொட்டி தன் எடையிலேயே கீழே வரும். அந்தப் பெட்டியை இவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிற மனுஷனுக்கு, வெளியே பொத்தானை வைத்திருப்பவள் யார் என்பதுதானே எல்லாம். அந்தச் சிவப்பில் என் கட்டைவிரல் இருக்கிற நேரமெல்லாம் இவர் உயிர் அந்த விரலுக்கு அடியில்தான் இருந்தது. இவர் இதைப் பற்றி அலட்டிக்கொண்டதே இல்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் எது பச்சை, எது சிவப்பு என்று இரண்டு முறை பார்த்துக்கொள்வேன். போதாக்குறைக்குக் கிரைண்டர் பிடித்துப் பிடித்து எனக்கு வலது காது வேறு மந்தம்.

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ‘எறக்கு’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. இவர் வேலை கற்றுக்கொண்ட இடத்தில், தொட்டி மேல் நின்றவனைப் பார்த்து மேஸ்திரி ‘எறங்கு’ என்று கத்தியிருக்கிறார். பொத்தான் பிடித்தவன் காதில் மோட்டார் சத்தத்தில் அது ‘எறக்கு’ என்று விழுந்திருக்கிறது. இறக்கிவிட்டான். அடியில் இன்னொருத்தன் இருந்தான். அவனுக்குக் கால் போயிற்று. ஒரே ஒரு எழுத்து. அதிலிருந்து இவர் வாயில் அந்த இரண்டு சொல்லும் வந்ததில்லை. எங்களுக்கென்று வேறு மூன்று சொல் வைத்தார். தொட்டியைத் தூக்க ‘எந்திரி’, தாழ்த்த ‘படு’, நிறுத்த ‘நில்லு’. பட்டறைக்குள்ளிருந்து ஓர் ஆம்பளைக் குரல் ‘படு, படு, நில்லு, எந்திரி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? பக்கத்து டயர் கடைக்காரர் ஒரு நாள் சிரித்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, ஜாக்கியைப் பார்த்ததும் ஏமாந்துபோய்த் திரும்பினார்.

சரி, நான் சொல்ல வந்த வண்டிக்கு வருகிறேன்.

தோட்டங்களுக்கு மண்ணும் எருவும் கொண்டுபோய்ப் போடுகிற ஓர் அம்மா. மண்ணுக்காரம்மா என்போம். அவளும் புருஷனும் சேர்ந்து செய்த தொழில். அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் ஏறி நின்று மண்ணைத் தள்ளுவார். ஒரு நாள் அவர் தொட்டி விளிம்பில் நின்றுகொண்டிருக்கும்போதே இவள் வண்டியை எடுத்துவிட்டாள். மனுஷன் மல்லாந்து தார் ரோட்டில் விழுந்தார். அப்படியே போய்விட்டார். எறங்கிட்டீங்களா என்று கேட்டேன், எறங்கிட்டேன் என்று சொன்னார், அப்புறம்தான் எடுத்தேன் என்று அவள் போலீஸில் சொன்னாள், சொந்தக்காரர்களிடம் சொன்னாள், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். விளிம்பில் நிற்கிறவர் எறங்கிட்டேன் என்று எதற்குச் சொல்லப்போகிறார்? திரும்பிப் பார்க்காமல் எடுத்துவிட்டு இப்போது கதை விடுகிறாள் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைவிட எனக்குப் பொறுக்காதது, புருஷனைக் காவு வாங்கிய அதே வண்டியை அவள் வைத்துக்கொண்டு ஓட்டியதுதான்.

அந்த வண்டியைத்தான் டிப்பராக மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்து விட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு, போவதற்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றாள். யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பாவம், கொஞ்சம் கழன்றுவிட்டது போல என்று இவரிடம் முணுமுணுத்தேன். இவர் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விடப் போனார்.

தொட்டியைக் கழற்றிக் கட்டைகள் மேல் வைத்த அன்றே ஆரம்பித்துவிட்டது. இவர் வழக்கம்போல் ரசமட்டத்தைத் தொட்டியின் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்தியாகத் தலையாட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழி மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது. அப்புறம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. மேலே ஒரு ஆள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தால் எப்படி நகருமோ அப்படி. தொட்டியில் ஒரு பிடி மண்கூட இல்லை. இவர் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ரசமட்டத்தைத் துடைத்து மறுபடி வைத்தார். அன்றைக்குச் சாப்பாட்டின்போது, குமிழி நிக்கவே மாட்டேங்குது என்று தானாகவே சொன்னார். இவராக வாய் திறந்து ஒன்றைச் சொன்னால் அது பெரிய விஷயம். நான்தான், லாரி போற அதிர்வா இருக்கும், பேசாம சாப்பிடுங்க என்று அடக்கினேன்.

மறுநாள் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டா என்று இவர் குரல் கேட்டது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அந்தச் செருமலோடு. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு போனால் பட்டறையில் ஆளே இல்லை. டயர் கடைக்காரர், அவர் போல்ட் வாங்கப் போய் ரொம்ப நேரம் ஆச்சேம்மா என்றார். ஷட்டர் திறந்து கிடந்தது. வெயில் பாதிப் பட்டறை வரைக்கும் வந்திருந்தது. தொட்டி கட்டைகள் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. டீயை நானே குடித்துவிட்டு, பாழாய்ப் போன காது என்று திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். வேலையின் நடுவில் திடீரென்று ‘வரேன்’ என்பார். எழுந்து சமையலறை வாசல் வரைக்கும் வருவார். என்னைப் பார்ப்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுவார். என்ன வேணும் என்றால், ஒண்ணுமில்ல என்பார். வயசாகுதில்ல, பொண்டாட்டி முகத்தைப் பாக்கணும்னு தோணுது போல என்று கிண்டல் பண்ணினேன். சிரிக்கவில்லை.

சட்டம் போட்டாயிற்று, கீல் மாட்டியாயிற்று, தொட்டியை மேலே ஏற்றியாயிற்று. பம்பும் ஓடியது. ஒரே ஒரு குறை. தொட்டி கீழே வரும்போது எண்ணெய்க் குழாய் எங்கேயோ நசுங்கியது. எங்கே என்பது வெளியிலிருந்து தெரியவில்லை. வழக்கமாகத் தொட்டி மேலே நிற்கும்போது அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கனமான முட்டுக்கம்பியை நிறுத்திவிடுவார். எண்ணெய் ஒழுகினாலும் தொட்டி விழாது. ஆனால் கீழே வரும்போது நசுங்குகிற குழாயைப் பார்க்க வேண்டுமென்றால் முட்டுக்கம்பியை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடிக்கவில்லை. வேணாம், வேற வழி பாருங்க என்றேன். நீ இருக்கியே என்றார். இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லி வாயை அடைக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

நல்ல மதியம். டயர் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இவர் வண்டியின் அந்தப் பக்கமாக உள்ளே நுழைந்தார். பெட்டியின் ஒயர் குட்டை, அதனால் நான் டிரைவர் கதவுப் பக்கமாக நிற்க வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் சக்கரம் மறைத்தது, இவர் கால்கூடத் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

‘படு’ என்றார். அழுத்தினேன். ‘நில்லு’ என்றார். விட்டேன். உள்ளே டார்ச் வெளிச்சம் அலைந்தது. மறுபடி ‘படு’. மறுபடி ‘நில்லு’. தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இப்போது ஒரு முழ இடைவெளிதான். அப்புறம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. பார்த்துவிட்டு வெளியே வந்து தொலைங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

செருமல் கேட்டது. அப்புறம் இவர் குரல், சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து, தெளிவாக.

“வந்துட்டேன். எறக்கு.”

அப்பாடா என்று இருந்தது. விரல் அழுத்திவிட்டது. தொட்டி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு விரற்கடை கீழே வந்தது. அப்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. எறக்கா?

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு தடவை மளிகை மூட்டையை எறக்குங்க என்று சொன்னதற்கே ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷன். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பினேன்.

“ஏங்க, எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?”

பதில் சக்கரத்துப் பக்கத்திலிருந்து வரவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்து, அமுங்கின குரலில் வந்தது.

“யாருகிட்ட பேசுற? எதுக்கு இப்ப அழுத்துன? தலை உள்ள இருக்கு.”

பச்சையை எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்று தெரியாது. தொட்டி மேலே போய் முட்டி நின்று பம்ப் அலறுகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. ஓடிப்போய் முட்டுக்கம்பியைத் தூக்கி நிறுத்தினேன். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்புறம் இவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். சட்டையெல்லாம் கிரீஸ். காதுக்கு மேலே இரும்பு உரசின கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன். அடித்தேன், திட்டினேன், அழுதேன். இவர் தரையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நான் கேட்டதைச் சொன்னேன். உன் காது கோளாறு என்று சொல்லுவார், சொல்லட்டும், சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்று காத்திருந்தேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன சொல்லுச்சு? சரியாச் சொல்லு” என்றார்.

சொன்னான் இல்லை, சொன்னாங்க இல்லை. சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் சமையலறை வாசல் வரைக்கும் வந்து வந்து நின்றாரே, அது என் குரலைக் கேட்டுவிட்டு. சாப்பிட வாங்க என்று நான் கூப்பிடுகிற குரல். வந்து பார்த்தால் நான் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டேன். என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

“நாம எதைக் கேக்கணும்னு காத்துட்டிருக்கோமோ, அதைச் சொல்லுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வேலையைப் பாதியில் விடலாம் என்று நான் மன்றாடினேன். கழற்றிப் போட்ட வண்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டார். குழாய் நசுங்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டதாகவும், இனி தலையை விட வேண்டிய வேலை இல்லை, கையை மட்டும் விட்டால் போதும் என்றும் ஏதோ ஆறுதல் மாதிரி சொன்னார். பெட்டிக்கு நீளமான ஒயர் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வண்டியில் எந்த வார்த்தைக்கும் நான் பொத்தானை அழுத்தவில்லை. இவர் வெளியே வந்து என் முன்னால் நின்று, நான் இவர் சட்டையை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அழுத்தினேன். அந்த நாட்களில் சக்கரத்துப் பக்கத்திலிருந்து இவர் குரல் என்னென்னவோ சொன்னது. வந்துட்டேன் என்றது. பயப்படாதே என்றது. ஒரு தடவை, கல்யாணமான புதிதில் இவர் என்னை ஒரு செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அந்தப் பெயரைச் சொன்னது. இவர் அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்கு அழுகையாக வந்தது. சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மண்ணுக்காரம்மா வந்த அன்றைக்கு ஒரு நடை மணல் ஏற்றிச் சோதித்துக் காட்டினோம். தொட்டி எழுந்தது, பின்கதவு தானாகத் திறந்தது, மணல் ஒரே சரிவாகச் சரிந்து விழுந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. ரசமட்டம் செய்த வேலையாயிற்றே. அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. காலித் தொட்டி கீழே வந்து உட்கார்ந்ததும், அதைக் கையால் ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் எறங்கிட்டேன்னு சொன்னதாச் சொன்னீங்களே. அது சொல்லியிருக்கும். எனக்கும் கேட்டுச்சு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“உன் வீட்டுக்காரரு குரல்லயா?”

“ஆமாக்கா.”

“இவருக்கு ஒண்ணும் ஆகலயே?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். எத்தனை காலமாகவோ உள்ளேயே வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. ஒருத்தராவது நம்பினீங்களே என்று மெல்லச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கப் படபடவென்று பேசினேன். தெரிந்தே எதற்கு வைத்திருக்கிறீர்கள், உடைத்துப் போடுங்கள், இவரே கட்டர் வைத்து அறுத்துத் தருவார், நாளைக்கு இன்னொருத்தன் பின்னால் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“யாரும் ஏறக் கூடாதுன்னுதானேம்மா டிப்பராக்கச் சொன்னேன். இனி மண்ணு தானா விழும். ஒரு ஆளு அதுமேல கால் வெக்க வேண்டியதில்ல.”

“அப்படி எதுக்குக்கா இதைக் கட்டிக்கிட்டு அழணும்?”

அவள் மறுபடி தொட்டியின் மேல் கையை வைத்தாள்.

“சாயந்திரம் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, எறங்கிட்டீங்களான்னு கேப்பேன். எறங்கிட்டேன்னு சொல்லும். அவரு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. அவரைக் கொன்னது அதுதான்னும் தெரியும். ஆனா குரல் அவரோடது. அதையும் உடைச்சுட்டு, அவரு குரலை நான் எங்க போய்க் கேப்பேன்?”

நான் இவர் பக்கத்தில் போய் ஒட்டி நின்றேன். அவள் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சட்டைய விடு, கிழிஞ்சிடப் போவுது” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை.